பகலில் பட்டினி, ராத்திரியில் டப்பா

நூறு கிலோவைத் தாண்டியவர்கள் தங்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எடையைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, மறைத்துச் சாப்பிடுவதைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசின. உடல் பருமன் அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களோடு, அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவதுதான் மருத்துவமனையில் என் வேலை. எடையைத் தயங்காமல் சொல்கிறவர்கள்கூட, எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 36 வயது. ஆசிரியை. உயரம் 156 செ.மீ., எடை 118 கிலோ. காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும்தான். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சாப்பிட வெட்கமாக இருப்பதால் டிபன் பாக்ஸில் பாதியை மிச்சம் வைத்துவிடுவேன். செவ்வாய், வெள்ளி விரதம். சஷ்டியும் விடுவதில்லை. "இவ்வளவு கொஞ்சமா சாப்பிட்டும் டீச்சருக்கு உடம்பு எப்படி இப்படி?" என்று கேட்பார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போகிறேன். மிச்சச் சாதம், குழம்பு, பிள்ளைகளின் பிஸ்கட், மிக்சர், எதுவும் இல்லையென்றால் தேங்காய்த் துருவலில் சர்க்கரை. விளக்கைப் போடாமல், நின்றுகொண்டே. போதும் என்று மனசு சொல்கிறது, கை நிற்பதில்லை. வயிறு வலித்தால்தான் நிற்கும். பிஸ்கட் கவரைக் கைப்பையில் வைத்து எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் போடுகிறேன். மறுநாள் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்பேன். வாரத்தில் மூன்று நான்கு ராத்திரி இப்படி. நான் கட்டுப்பாடே இல்லாதவளா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டீச்சர், காலைக் காபி, பாதி டிபன் பாக்ஸ், விரத நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், உங்கள் ஸ்டாஃப் ரூமில் உங்கள் அளவுக்குக் கட்டுப்பாட்டோடு இருப்பவர் யாரும் இருக்கமாட்டார். ராத்திரி சமையலறைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போவது பகல் முழுக்க அடக்கி வைத்த பசி. அதோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதற்கு மருத்துவத்தில் 'பிஞ்ச் ஈட்டிங்' என்று பெயர். குறைந்த நேரத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, அந்த நேரத்தில் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வேகமாக, வயிறு வலிக்கும் வரை, யாரும் பார்க்காமல், அப்புறம் தன்மேலேயே அருவருப்பு. இது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாவது தொடர்ந்தால் அது ஒரு நோய் என்று இப்போது ஒத்துக்கொள்கிறார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959லேயே இதை விவரித்துவிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாக இடம் பிடித்ததோ 2013ல்தான். இடைப்பட்ட காலம் முழுக்க இப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்தது 'வாயைக் கட்டு' என்ற ஒரே வைத்தியம்தான். நம் ஊரில் இன்றைக்கும் அதுதான் கிடைக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள், பருமனாக இருக்கிற எல்லோரும் ராத்திரியில் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை. ஒல்லியானவர்களுக்கும் இது வரும், ஆண்களுக்கும் வரும். அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை கேட்டு வருகிறவர்களிடம் இது இன்னும் அதிகம்.

பட்டினிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோரும் உடலும் மனமும் நன்றாக இருந்தவர்கள், யாருக்கும் சாப்பாட்டில் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. அவர்கள் சாப்பாட்டை 24 வாரங்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாகவே ஆனது. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து வேண்டிய அளவு கிடைத்த பிறகும் சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு வெடிக்கிற மாதிரி நிறைந்தும் பசி அடங்கவில்லை என்றார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்களுக்கே அரைப் பட்டினி இதைச் செய்தது. நீங்கள் எத்தனை வருடமாக அரைப் பட்டினி கிடக்கிறீர்கள், டீச்சர்?

நாளைக் காலையிலிருந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். மூன்று இட்லி, சாம்பார், முடிந்தால் ஒரு முட்டை. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர் அல்லது ஒரு கைப்பிடி வறுத்த கடலை. மத்தியானம் டிபன் பாக்ஸை முழுசாக முடியுங்கள். நாலரை மணிக்குச் சுண்டல் அல்லது பழம். ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பாடு. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. "ராத்திரி அவ்வளவு சாப்பிட்டுவிட்டுக் காலையிலும் சாப்பிட்டால் எடை இன்னும் ஏறாதா?" என்று இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பார்கள். முந்தின ராத்திரிக்குத் தண்டனையாகக் காலையில் பட்டினி போடும் வரைக்கும் அடுத்த ராத்திரி தயாராகிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சங்கிலியைக் காலையில்தான் வெட்ட முடியும், ராத்திரியில் வெட்ட முடியாது.

விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையில். ஆனால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருக்கிற விரதமும் விரதம்தான். கொஞ்ச நாளைக்கு அப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரி எழுந்து போகிற நாள் இன்னும் வரும். அன்றைக்கு விளக்கைப் போடுங்கள். தட்டில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. இருட்டில் நின்றுகொண்டு சாப்பிடும்போது நாக்குக்கும் வயிற்றுக்கும் எதுவுமே தெரிவதில்லை. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு நேரத்தையும், என்ன சாப்பிட்டீர்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் மட்டும் எழுதுங்கள். கலோரி வேண்டாம், எடை வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில், கணவரோடு வாக்குவாதம் நடந்த நாளா, தலைமை ஆசிரியர் ஏதாவது சொன்ன நாளா, விரத நாளா என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். அந்த நோட்டோடு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். நான் சொன்ன முறை 'சி.பி.டி.' என்கிற பேச்சு சிகிச்சையின் முதல் படி. இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கிற சிகிச்சை அது. எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. தூங்கி நடுராத்திரியில் விழித்துச் சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வருகிறது என்றாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ, பேதி மாத்திரை போட்டாலோ அதையும் அங்கே சொல்லுங்கள். அவை வேறு கோளாறுகள், சிகிச்சையும் வேறு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாடு நின்றதும் எடை மளமளவென்று இறங்கிவிடாது. பலருக்கு ஏறுவது நிற்கும், அவ்வளவுதான். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 48க்கு மேல். எடைக்கென்று தனியாக மருத்துவம் தேவைப்படலாம். ஆனால் ராத்திரி சரியாகாமல் எந்த டயட் சார்ட்டையும் கையில் வாங்காதீர்கள். சாப்பிடும் தட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிற, ஒரு தோசை கூடினால் எல்லோர் முன்னிலும் திட்டுகிற குழுக்கள் பெருகிவிட்டன. அதில் சேர்ந்து நொந்து என்னிடம் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் தீரவில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். 104 கிலோ. அவன் அப்பா பாசமாக "டேய் குண்டா" என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்விடுகிறான். பி.டி. பீரியட் இருக்கும் நாளில் லீவு போடுகிறான். வெயிலிலும் ஜெர்கினைக் கழற்றுவதில்லை. மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறான். டியூஷன் போகிற வழியில் புரோட்டாக் கடையில் சாப்பிடுகிறான் என்று தெரிந்து அவன் அப்பா அடித்துவிட்டார். என் மாமியார், ஆம்பளப் பிள்ளை, வளர்ந்தால் சரியாகும் என்கிறார். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மா, அந்தப் பெயரை வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுக்காரர் பாசமாகத்தான் கூப்பிடுகிறார் என்பதை நம்புகிறேன். பையன் காதில் அது வகுப்பில் கேட்கிற அதே சொல்லாகத்தான் விழுகிறது. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படுகிற பிள்ளைகள் அதனால் மெலிவதில்லை. மறைத்துச் சாப்பிடுவதும், வேகமாக அள்ளிச் சாப்பிடுவதும், எடை இன்னும் கூடுவதும்தான் பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. அடித்தாலும் இதேதான் நடக்கும். அடுத்த முறை வேறு கடைக்குப் போவான்.

ஜெர்கினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வயதுப் பையன்களுக்கு எடை கூடும்போது மார்புப் பகுதி பெருத்துத் தெரியும். அதைச் சுட்டிக்காட்டி வகுப்பில் என்னென்ன சொல்வார்கள் என்று பையன்கள் அம்மாவிடம் சொல்லமாட்டார்கள். ஓடினால் தெரியும், வியர்த்தால் சட்டை ஒட்டும், அதனால்தான் பி.டி. பீரியடுக்குப் பயம். பெண் பிள்ளைகளுக்குத்தான் உடம்பைப் பற்றி வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அறையில் வாய்விட்டு அழுதவர்களில் பையன்கள் நிறைய. அவனிடம் நேரடியாகக் கேட்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் கூட்டிப்போய், அவர் தனியாக அவனைப் பார்க்கட்டும். கழுத்தின் பின்பக்கம் கருப்பாகத் தடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிவிடுவார்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், ராத்திரிக் குறட்டை எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மாமியார் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த எடை வளர்ந்தால் தானாகப் போகாது.

ஐந்து வயதுக்கு முன்பே மளமளவென்று ஏறிய எடையா என்று டாக்டர் கேட்பார், யோசித்து வையுங்கள். 1997ல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஒ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி என்ற மருத்துவர்களும் அவர்களுடைய குழுவும், பாகிஸ்தானியப் பூர்வீகம் கொண்ட ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இருவரைப் பற்றி வெளியிட்டார்கள். 8 வயதுச் சிறுமி 86 கிலோ, அவளுடைய உறவுக்காரப் பையன் 2 வயதில் 29 கிலோ. எந்நேரமும் பசி. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே அவர்களுக்குச் சுரக்கவில்லை. அதை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது, எடை இறங்கியது. இது மிக மிக அரிதான நோய். உங்கள் பையனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு பசிக்க வேண்டும் என்பதை உடம்பு ரத்தத்தின் வழியாகத் தீர்மானிக்கிறது, பிள்ளையின் குணத்தில் அது இல்லை என்பதை அவன் அப்பா தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

வீட்டில் அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. அந்த நேரத்தில் அவன் தட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பாட்டியும்தான். மெலிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், இப்போதைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த பேன்ட் சட்டை இரண்டு செட் வாங்கிக் கொடுங்கள். இறுக்கிப் பிடிக்காத உடை இருந்தால் பாதிப் பிள்ளைகள் வெளியே வந்துவிடுவார்கள். அடித்ததற்கு அவன் அப்பா அவனிடம் வருத்தம் தெரிவிக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருந்தால் வண்டியில் போகும்போது சொல்லலாம்.

கேள்வி: எனக்கு 29 வயது, சென்னையில் ஐ.டி. வேலை, 126 கிலோ. பன்னிரண்டு வயதில் உறவினர் ஒருவர் என்னிடம் நடந்துகொண்டதை எழுத முடியவில்லை. அதற்குப் பிறகுதான் எடை ஏறியது. சில வருடங்களுக்கு முன் 30 கிலோ குறைத்தேன். ஆபீஸில் ஆண்கள் பாராட்ட ஆரம்பித்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தேன். எடை ஏற ஏற நிம்மதியாகக்கூட இருந்தது. இது பைத்தியமா?
- பெயர் வேண்டாம்

பதில்: இல்லம்மா. பயம் வந்த இடத்தில் உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறது.

1980களில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் கலிஃபோர்னியாவில் உள்ள சான் டியாகோவில், கைசர் பெர்மனென்டே நிறுவனத்தில், எடைக்குறைப்பு மருத்துவமனை ஒன்றை நடத்தினார். எடை குறையாதவர்கள் விலகினால் புரிந்துகொள்ளலாம். அங்கே நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப் போனார்கள். ஏன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவர்களில் பலர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருமனாக இருந்தால் யார் கண்ணும் தன்மேல் படாது, தனக்கு அதுதான் வேண்டும் என்று ஒரு பெண் அவரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் தீர்க்கப் பார்த்த எடை அந்தப் பெண்ணுக்கு ஒரு தீர்வாக இருந்திருக்கிறது. பிறகு 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவக் கொடுமைகளைப் பற்றி விசாரித்த ஆய்வுக்கு அந்தக் கேள்விதான் தொடக்கம். அதன் முதல் முடிவுகள் 1998ல் வெளியாயின.

அதனால் அடுத்த டயட்டை இப்போது ஆரம்பிக்காதீர்கள். பார்க்கப்படுவது ஆபத்தில்லை என்று மனசு நம்புகிற வரை எடை குறைந்தால் பயம்தான் கூடும். அதிர்ச்சிக்கு சிகிச்சை தருவதில் பயிற்சி பெற்ற ஒரு பெண் உளவியலாளரைத் தேடுங்கள். முதல் நாளே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எனக்கு எழுதிய அளவுக்குச் சொன்னாலே போதும், மிச்சத்தை உங்கள் வேகத்தில் சொல்லலாம். ராத்திரியில் மனம் தாங்காமல் போனால் டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். பின்னால் எடைக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ எடுக்கும் நாள் வந்தால், அந்தக் குழுவில் ஒருவருக்காவது இந்த விஷயம் தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் எழுதினீர்களே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: பஸ் பாடி கட்டும் தொழில் செய்கிறேன். வயது 41. ஒன்றரை வருடத்துக்கு முன், எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 152 கிலோ இருந்தவன் 94க்கு வந்துவிட்டேன். ஊரே பாராட்டுகிறது. ஆனால் கண்ணாடியில் அதே பழைய ஆள்தான் தெரிகிறான். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் இன்றும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். வயிற்றுத் தோல் தொங்குவதால் மனைவி எதிரில்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லை. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. ஆனால் பட்டறையில் முறுக்கு, கடலை மிட்டாய் என்று நாள் முழுக்கக் கொறிக்கிறேன். மூன்று கிலோ ஏறியிருக்கிறது. பயமாக இருக்கிறது.
- கரூர் வாசகர்

பதில்: சார், எடை இறங்கிய வேகத்துக்கு மனசு இறங்கி வராது. இருபது வருடமாக நாற்காலியைச் சோதித்த கை அது. கதவில் ஒருக்களித்து நுழைவதும், குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போவதும், கடையில் பழைய அளவுச் சட்டையையே கையில் எடுப்பதும் ஆபரேஷனுக்குப் பிறகு பலரிடம் பார்க்கிறேன். உட்காருவதற்கு முன் அழுத்திப் பார்ப்பதை வேண்டுமென்றே ஒருநாள் விட்டுப் பாருங்கள். நல்ல டெய்லரிடம் புதிதாக அளவு கொடுங்கள். பழைய சட்டைகளைக் கொடுத்துவிடுங்கள். பலர் திரும்பவும் தேவைப்படுமோ என்று பீரோவில் அடுக்கி வைத்திருப்பார்கள், அந்த அடுக்கைத் தினமும் பார்ப்பது நல்லதல்ல.

தோல் விஷயத்தை அழகுப் பிரச்சினை என்று நினைத்து ஒதுக்காதீர்கள். மடிப்பில் வியர்வை தங்கிப் பூஞ்சைப் படை வரும், புண்ணாகும். உங்கள் தொழில் வெக்கையில் நடப்பது. மடிப்பைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். எடை பல மாதம் ஒரே இடத்தில் நின்ற பிறகு பிளாஸ்டிக் சர்ஜன் அதை எடுத்துவிட முடியும். மனைவியிடம் நீங்களே பேச்சை எடுங்கள். அந்த அம்மா 152 கிலோ இருந்த உங்களோடு வாழ்ந்தவர். நீங்கள் விலகுவதற்குக் காரணம் தெரியாமல் அவர் மனதில் வேறு என்னவெல்லாம் ஓடுகிறதோ.

இனி கொறிப்பது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. 1999ல் ஜப்பானில் கண்டுபிடித்த ஹார்மோன் அது. அதனால் பலருக்கு முதல் வருடம் பசி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வேலை முடியாத எரிச்சலுக்கும், மனசு காலியாக இருக்கிற சாயங்காலத்துக்கும் சாப்பிட்டுப் பழகியதை எந்தக் கத்தியும் எடுக்காது. முறுக்கும் மிட்டாயும் வாயிலேயே கரைந்து, குறுகின இரைப்பையில் இடம் கேட்காமல் இறங்கிவிடும். அதனால் முட்டையும் கறியும் போகாத வயிற்றில் இவை போய்க்கொண்டே இருக்கும். மூன்று கிலோவில் எழுதியது நல்லதாகப் போயிற்று. பதினைந்து கிலோ ஏறிய பிறகு வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் செய்த இடத்துக்கு இந்த வாரமே போங்கள். உணவியல் நிபுணரைப் பாருங்கள், இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி சோதனை செய்யுங்கள். பட்டறையில் டப்பாவை எட்டாத இடத்துக்கு மாற்றி, வேளை தவறாமல் புரதத்தோடு சாப்பிடுங்கள். சாயங்காலம் மது பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு போய் அந்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

கேள்வி: எடைக்கு ஊசி வந்துவிட்டதாமே? பேச்சு சிகிச்சை, நோட்டு எல்லாம் இனி எதற்கு?
- வேலூர் வாசகி

பதில்: வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள். வீகோவியில் உள்ள செமாகுளூட்டைடை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. "சாப்பாட்டைப் பற்றித் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்த பேச்சு நின்றுவிட்டது" என்று ஊசி போடுகிறவர்கள் கண் கலங்கிச் சொல்லும்போது, இத்தனை நாள் இவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று எத்தனை பேர் ஏசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மருந்து தேவைப்படுகிறவர்கள் டாக்டர் மேற்பார்வையில் தாராளமாகப் போடலாம், இதில் வெட்கம் எதற்கு? ஆனால் திண்டுக்கல் டீச்சரின் பகல் பட்டினியும், சென்னைப் பெண்ணின் பயமும் ஊசியில் போகாது. பகலெல்லாம் பட்டினி கிடக்கும் ஒருவர் பசியை அடக்கும் மருந்தை எடுத்தால் இன்னும் அதிகமாகப் பட்டினி கிடப்பார். அதையும் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: வயது 54, எடை 112 கிலோ. என்ன வியாதி என்று போனாலும் முதலில் எடையைக் குறை என்கிறார்கள். ஒரு கிளினிக்கில் எடை மெஷினில் ஏறியதும் நர்ஸ் உரக்கப் படித்தார், வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து எங்கும் போவதில்லை. தீட்டு நின்று நான்கு வருடமாகிறது. இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறது. தானாக நின்றுவிடுமா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: அக்கா, முகவரி இருந்ததால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். எழுதாமல் இதே பயத்தோடு வீட்டில் இருக்கிறவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்கக் கூடாது. பலருக்கு அது சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் எடை அதிகமுள்ள பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்திவிடலாம். மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுப்பார், தேவைப்பட்டால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பார்.

அந்தச் சிரிப்பை நீங்கள் மறக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நடந்தது தவறு, தவறு அவர்கள்மேல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25ம் அதற்கு மேலும், அதாவது கூடுதல் எடை. அப்படியிருக்க, இந்த உடம்புகளை மரியாதையாக நடத்தத் தெரியாத இடத்தை மருத்துவமனை என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை.

மகளையோ தங்கையையோ கூடக் கூட்டிப்போங்கள். உள்ளே நுழைந்ததும் "ரத்தம் படுகிறது, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எடை பார்க்க வேண்டும் என்றால் முள்ளுக்கு முதுகு காட்டி நின்று, "குறித்துக்கொள்ளுங்கள், உரக்கப் படிக்காதீர்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிரஷர் பார்க்கும்போது பெரிய அளவுப் பட்டையைக் கேளுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் இல்லாதவருக்கும் கூடுதலாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரைகூடத் தொடங்கிவிடும். ரத்தம் படுவதைக் கேட்காமல் எடையை மட்டும் பேசினால் எழுந்து வேறு மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூரில் அரசு ராஜா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது, மகப்பேறு புறநோயாளிகள் பிரிவு காலையில் நடக்கும். இந்த இதழ் கைக்கு வந்த மறுநாளே போய்விட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.